வாடுவதற்குள்

குறிஞ்சிப்பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவியர் உண்டு. அவற்றுள் எத்தனை பூக்களைக் கண்டால் அடையாளம் சொல்வார்கள் என்று கேட்பதற்கு எனக்கே கூச்சம். நானும் அகராதியில் பூப்பறித்தவன்தானே! 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ.வே.சா., ஏடுகளில் விடுபட்டிருந்த பூப்பெயர்களைத் தேடித் தருமபுரம் வரை போனார். பெயர்கள் மீண்டன. பூக்கள்?

சென்ற மாதம் மயிலாப்பூர் வீட்டு முற்றத்து நந்தியாவட்டை ஒன்றைத் தம்ளரில் இட்டு வரையத் தொடங்கினேன். ஓவியம் பயின்றவனல்லேன். ஐந்து இதழ்களும் காற்றாடிபோல ஒரே பக்கமாகத் திருகியிருப்பதை நாற்பது வயதுக்குமேல் அன்றுதான் கண்டேன். நிழலை முடிப்பதற்குள் இதழோரம் பழுத்துவிட்டது.

அசையாப் பொருளோவியத்தை டச்சுக்காரர் 'அசையாத உயிர்' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கோ அது 'இறந்த இயற்கை'. தம்ளர் முன் அமர்ந்தவனுக்கு இரண்டுமே பொருந்தவில்லை. பூ அசைகிறது, இறந்துகொண்டும் இருக்கிறது. இத்தாலியின் மொராண்டி (1890–1964) பட்டுப்பூக்களை வைத்து வரைந்தார், அவருக்கு அவசரமில்லை.

அந்த வசதியில்லாத இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டுக்காக முதலில் ரங்கையாவும் அவருக்குப்பின் கோவிந்துவும் தென்னாட்டுச் செடிகொடிகளை வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக அச்சான வைட்டின் நூலில் 2,000-க்கும் மேற்பட்ட படத்தாள்கள் உள்ளன. ஆர்க்கிட் இனம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். பின்னர் வகைப்பாடு மாறி அந்தப் பெயரும் வழக்கொழிந்தது. மூல ஓவியங்களுள் பல எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் உள்ளன.

இவர்களைப் 'படம் போட்டுக் கொடுத்தவர்கள்' என்று ஒதுக்குவதே நம் கலை விமரிசனத்தின் வழக்கம். சென்னை ஓவிய இயக்கம் என்றால் பணிக்கரிடமிருந்தும் 1966-இல் பிறந்த சோழமண்டலத்திலிருந்துமே தொடங்குகிறோம். அவர்கள் சாதனையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் துரையின் ஆணைப்படி வரைந்தது கலையாகாது என்றால், அரசன் ஆணைப்படி வரைந்த கோயில் சுவரோவியங்களை என்செய்வது?

நம் மரபில் பூ தனித்து நின்றதேயில்லை. திணைக்கு அடையாளம், தெய்வத்துக்கு அருச்சனை, கூந்தலுக்கு அணி. மாட வீதியிலும் முழக்கணக்குதான். வெறுந்தாளின் நடுவே, சூடுவாரின்றி, சூலகம் பிளந்து காட்டப்பட்ட ஒற்றைப் பூவை ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தார்கள். பூவைப் பூவாகவே பார்த்த அந்தப் பார்வை நம் செய்யுள்களிலும் அரிது என்பது என் துணிபு. தமிழாசிரியர்கள் சினம் கொள்ளலாம், விவாதிக்கக் காத்திருக்கிறேன்.

இவ்வாண்டு குறிஞ்சிப்பாட்டுக்கு முன்பாக மேசைமேல் நந்தியாவட்டை வைத்து, பத்து நிமிடம் வரையச் சொன்னேன். பாதிப்பேர் ஆறு இதழ் போட்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தாளை வெறுமையாகத் தந்தாள். இன்னும் பார்த்து முடியவில்லை என்றாள்.