கரையின் கோடு படமாக இருந்தால் போதாது

சாகுபுரத்தை ஒட்டிய கரையில் சில கிலோமீட்டருக்குள் ரசாயன ஆலையும் உப்பளங்களும் ஊர்களும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வடக்கே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல், தெற்கே காயல்பட்டினம். இங்கே எதை எங்கே கட்டலாம் என்பதை முடிவு செய்வது 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும், அதன்படி வரையப்படும் மேலாண்மைத் திட்ட வரைபடங்களும்தான். அவை மக்கள் கைக்கு பி.டி.எஃப். கோப்பாக வருகின்றன. பெரிதாக்கிப் பார்க்கலாம், அச்செடுக்கலாம். ஆனால் கரையில் நிற்பவர், தான் நிற்கும் இடம் எந்த மண்டலம் என்று அதில் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கோடுகளோடு அவற்றின் ஆயத்தொலைவுகளையும் கோப்பாக வெளியிடுவது அரசின் கடமை.

கோப்புக்குள்ளேயே புள்ளிகள் இருக்கின்றனவே, எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள் கணினி தெரிந்தவர்கள். ஸ்கேன் செய்த படமாக இல்லாதவரை அது உண்மை. இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் எல்லைக்கோடு புள்ளி புள்ளியாகப் பிரிந்து வரும். ஆனால் அவை தாளில் உள்ள இடங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை அல்ல. பி.டி.எஃப். வழக்கமாகத் தாளின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி எண்ணும். தொட்டால் விவரம் காட்டும் இணையப் படமோ மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி எண்ணும். திருப்பிப் போட மறந்தால் தெற்கே இருக்கும் திருச்செந்தூர் வடக்கே போய்விடும். இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழை. வளைகோடு தரும் பிழை அப்படியல்ல. வரைகலை மென்பொருள் ஒரு வளைவின் இரண்டு முனைகளையும், அதை இழுத்து வளைக்கும் கைப்பிடிப் புள்ளிகளையும் மட்டுமே சேமிக்கிறது. கைப்பிடிகள் பெரும்பாலும் கோட்டின் மேல் இருப்பதில்லை. அவற்றையும் எல்லையாக எண்ணிச் சேர்த்தால் கழிமுகக் கரை தண்ணீருக்குள் மூக்கை நீட்டும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. 1:25,000 அளவில் அச்சாகும் தாளில் பி.டி.எஃபின் ஓர் அலகு, அதாவது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, தரையில் ஏறக்குறைய 9 மீட்டர். மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரையில் கட்டுமானத் தடைப் பகுதியே 50 மீட்டர்தான் என்னும்போது, இரண்டு அலகு பிசகினால் என்ன ஆகும்? பத்துப் பேர் எடுத்தால் பத்துக் கரை கிடைக்கும். ஒன்றுக்கும் சட்ட மதிப்பு இருக்காது.

புள்ளிகளைக் கொடுத்தால் வீட்டுச் சுவர்வரை பெரிதாக்கிப் பார்த்து வழக்குக்குப் போவார்கள் என்பது இன்னொரு தடை. இதில் நியாயம் உண்டு. 1:25,000 கோட்டுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. அதற்காகக் கோட்டை மறைப்பதைவிட, எந்த அளவில் வரைந்தது, எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதை அதே கோப்பில் எழுதித் தருவது நேர்மை. நாட்டின் பாதுகாப்பு என்ற காரணமும் இன்று அவ்வளவாக எடுபடாது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசே வரைபடத் தரவுக்கான பழைய கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றைத் தளர்த்திவிட்டது. சாதாரண மீனவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், ஜி.பி.எஸ். கருவியோடு கடலுக்குப் போகும் படகுகளைப் பார்க்காதவர்கள். 2023இல் இந்த மேலாண்மைத் திட்டத்தின் வரைவுக்குக் கருத்துக் கேட்டபோது, மீனவக் கிராமங்களும் அவர்கள் புழங்கும் பொது இடங்களும் விடுபட்டுள்ளன என்பதே மீனவர் தரப்பின் முக்கியப் புகார். எது விடுபட்டது என்பதை அந்தந்த இடத்திலேயே நின்று கைபேசியில் சரிபார்க்க முடிந்திருந்தால், அந்தப் புகார்கள் இன்னும் திட்டவட்டமாக வந்திருக்கும்.

பட்டா நிலத்துக்குப் பக்க அளவுகளை மீட்டரில் குறித்த புலப்படத்தைத் தமிழக அரசே இணையத்தில் தருகிறது. வலை உலர்த்தும் மணலுக்குப் பட்டாவும் இல்லை, புள்ளிகளும் இல்லை. புல எண்களோடு ஏறக்குறைய 1:4,000 அளவில் வரைய வேண்டிய உள்ளூர் வரைபடங்களிலிருந்து புள்ளிகளை வெளியிடும் வேலையைத் தொடங்கலாம்.