அடியில் யார் பெயர் இருக்கிறது?

வண்டியூர் மக்களே,

மதுரைக்காரர்களுக்குப் போஸ்டரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு எல்லாம் நமக்குச் சுவரில்தான். தேர்தல் போஸ்டரின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறைகூட உண்டு. பொய் எழுதியிருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று நமக்குத் தெரியும்.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் வீடியோவுக்கு அந்த அடிவரி கிடையாது.

எங்களில் ஒருவருடைய மகன், யூடியூப்பில் ஒரு தம்பி சிரித்த முகமாய்ச் சுற்றிக்காட்டிய மனைக்கு முன்பணம் கட்டினான். "ரிங் ரோட்டுலேருந்து அஞ்சே நிமிஷம்" என்று அதில் வந்தது. ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தோம். ஊன்றிய கல்லின் மஞ்சள் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அந்தத் தம்பி மனை விற்றவரிடம் காசு வாங்கிக்கொண்டு பேசியது பிறகுதான் தெரிந்தது. காசு வாங்கிப் புகழ்கிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நாங்கள்தான் கேட்கத் தவறினோம். அந்தப் பணத்தைவிட அதுதான் வலிக்கிறது.

மனை விற்கிற அதே வழியில்தான் இப்போது ஓட்டும் கேட்கிறார்கள். வேட்பாளர் தன் சமூக வலைதளக் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும், அதற்கான செலவைத் தேர்தல் கணக்கில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் உத்தரவிட்டது. கட்சிப் பெயரே இல்லாமல், ஊர்ப் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி நாள் முழுக்க ஒருவரைத் திட்டினால் அந்தச் செலவு யார் கணக்கில் ஏறும்?

செல்போனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2024 நவம்பரில் தங்கள் ஊர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் அரிட்டாபட்டிக்காரர்களும் செல்போனில்தான் சேதி சொன்னார்கள். முகத்தைக் காட்டி, ஊர்ப் பெயரைச் சொல்லி, தங்கள் மலையைக் காட்டிப் பேசினார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளத்துக்கு ஊர்வலமாகத் திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது.

யார் சொன்னது, யார் காசு கொடுத்தது என்று தெரியாத எதையும் நம் குரூப்பில் தள்ளிவிடாதீர்கள். கட்சிக்கோ கம்பெனிக்கோ பதிவு போட்டுச் சம்பளம் வாங்கும் பிள்ளைகளே, உழைத்துச் சாப்பிடுகிறீர்கள், அதில் குறையில்லை. யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் அடியில் போட்டுவிடுங்கள்.

தினமும் காலையில் கண்மாய்க்கரையில் நடக்க வருகிறோம். சந்தேகப்படும்படியான வீடியோ இருந்தால் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

இப்படிக்கு,
வண்டியூர்க் கண்மாய்க்கரைக் குடியிருப்போர்