ஊராட்சிக் குப்பை: உரமாக வேண்டுமானால் வீட்டிலேயே பிரிக்க வேண்டும்

மத்திய அரசு 2016-ம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாகத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026-ஐ அறிவித்துள்ளது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் இவ்விதிகளின்படி, ஈரக்கழிவு, உலர்கழிவு, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, மருந்து-பல்பு-பெயின்ட் டப்பா போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரித்து வீட்டிலிருந்தே தர வேண்டும். கிராமங்களும் இதில் அடங்கும்.

இது ஊராட்சி நிர்வாகத்தின் வேலைதானே என்று விவசாயிகள் ஒதுங்கிவிட முடியாது. பிரிக்காத குப்பை கடைசியில் ஏரிக்கரைக்கும் ஓடைக்கும் மாட்டின் வயிற்றுக்கும்தான் போகிறது. பிரித்த குப்பை நம் வயலுக்கு உரமாக வருகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,000 பேர் வசிக்கும் ஊராட்சியில் ஒருவருக்கு நாளுக்கு 200 கிராம் குப்பை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 600 கிலோ. அதில் பாதி ஈரக்கழிவு என்றால் 300 கிலோ. மட்கிய பின் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் நாளுக்கு 100 கிலோ, ஆண்டுக்குச் சுமார் 36 டன் உரம். ஏக்கருக்கு 2 டன் வீதம் இட்டால் 18 ஏக்கருக்குத்தான் போதும். ஆகவே உரத்தை வாங்க ஆள் இருக்கிறார்களா என்பது பிரச்சினையே அல்ல. அதை நம்பி வயலில் இட முடியுமா என்பதுதான் கேள்வி.

கலந்த குப்பையை மட்க வைத்துப் பிறகு சலித்தால் பிளாஸ்டிக் துண்டும் கண்ணாடிச் சில்லும் முழுமையாகப் போகாது. பேட்டரி, பெயின்ட் ஆகியவற்றிலிருந்து கலந்த கன உலோகங்களைச் சலித்து எடுக்கவே முடியாது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நகரக் கழிவு மட்கு உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமையும், காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கார்பன்-நைட்ரஜன் விகிதம் 20-க்குள் இருக்க வேண்டும். முழுதாக மட்காத உரத்தை இட்டால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும்.

திட்டமிடும்போது எந்தக் கழிவு எங்கே போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஈரக்கழிவு ஊரை விட்டுப் போகக் கூடாது. உலர்கழிவு ஒன்றிய அளவில் சேர வேண்டும். ஒரு ஊரின் பிளாஸ்டிக் மட்டும் ஒரு லாரிக்குக்கூடத் தேறாது. தனிக் கவனக் கழிவுக்கு மாவட்ட அளவில் ஏற்பாடு வேண்டும்.

நிதியும் இதே அடுக்குகளில்தான் இருக்கிறது. தூய்மை பாரத இயக்கம் (ஊரகம்) இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள கிராமங்களுக்குத் திடக்கழிவுப் பணிக்குத் தலைக்கு ரூ.60 வரையும், பிளாஸ்டிக் கழிவு மையத்துக்கு ஒன்றியம் ஒன்றுக்கு ரூ.16 லட்சம் வரையும் வழிகாட்டுதலில் உண்டு. நமது 3,000 பேர் ஊருக்கு அதிகபட்சம் ரூ.1.80 லட்சம். தொட்டியும் வண்டியும் வாங்க இது உதவும். தூய்மைக் காவலர் ஊதியமும் வண்டிப் பழுதும் ஆண்டுதோறும் வரும் செலவு. அதற்கு வழி சொல்லாத திட்டத்தில், உரக்கொட்டகை சீக்கிரமே பூட்டிக் கிடக்கும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

* அடுத்த கிராம சபையில் மூன்றைக் கேளுங்கள்: உலர்கழிவை யார், எந்த நாளில் எடுத்துச் செல்கிறார்கள்? ஆண்டுச் செலவு எங்கிருந்து வருகிறது? உரம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது?
* பூச்சிமருந்து பாட்டில்களை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.
* உரம் வாங்கும் முன் கையில் அள்ளிப் பாருங்கள். மண் வாசனை வர வேண்டும். சூடோ அழுகல் நாற்றமோ இருக்கக் கூடாது.
* ஒரு தொட்டியில் மண் மட்டும், இன்னொன்றில் உரம் கலந்த மண் வைத்துப் பயறு விதைத்துப் பாருங்கள். உரத் தொட்டியில் முளைப்பு குறைந்தால், அந்த உரம் இன்னும் மட்க வேண்டும்.

விவசாயிகள் தரம் பார்த்து வாங்கத் தொடங்கினால், பிரிக்காத குப்பையை உரம் என்று கணக்குக் காட்ட எந்த ஊராட்சியாலும் முடியாது.