தழும்பில்லாத காயம்



1992-ல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குக் கொண்டுபோன தொழிலாளி ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது மறக்கவில்லை. உயிரோடு திரும்பி, அங்கே பட்ட பாட்டில் புத்தி பேதலித்துப் போகிறவர்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

கூண்டில் நிற்பவர் தன் தரப்பைச் சொல்ல முடியாத மனநிலையில் இருந்தால் வழக்கு விசாரணையைத் தள்ளிவைக்கச் சட்டம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328, 329. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகள். சரி, தள்ளிவைத்த பிறகு? அசாமில் 1951-ல் கைதான மச்சாங் லாலுங் தேறிவிட்டார் என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனை 1967-லேயே சொல்லிவிட்டது. அவர் வெளியே வந்தது 2005-ல், ஒரு ரூபாய் பிணையில். 54 வருடம், வழக்கே நடக்காமல்!

கைதானவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் காயம், தழும்பு இருந்தால் எழுத வேண்டும் என்பது விதி. தூக்கம் போச்சு, பேச்சில் கோர்வை இல்லை, காக்கியைக் கண்டாலே நடுங்குகிறார் என்பதையெல்லாம் யார் எழுதுவது? ரிமாண்ட் செய்யும்போதே மனநல மருத்துவரின் அறிக்கையையும் மாஜிஸ்திரேட் கேட்கலாமே. அந்தப் பரிசோதனையின்போது, அடித்ததாகப் புகாருக்குள்ளான நிலையத்துக் காவலர் அறைக்குள் நிற்கக் கூடாது.

ஒரு வாசகர்,
கீரப்பாளையம், கடலூர் மாவட்டம்