"நூறு வருஷத்துக்கு ஒருமுறை" என்றால் இனி நூறு வருஷத்துக்கு வராது என்று அர்த்தமில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள். கணக்குச் சரியா என்று அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்து போனதற்குப் பிறகு கடையடியில், பள்ளிவாசல் முற்றத்தில், பஸ் தரிப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வாற மழை சேர். வந்து போயிருச்சு. இனி நம்ம காலத்துல வராது."

சொல்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பட்டம் பெற்றவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்த ஒரு வசனத்தை நம்பி வெடித்த சுவருக்குச் சீமெந்து பூசிவிட்டு, அதே மேட்டில் அதே வீட்டுக்குத் திரும்பிப் போய் இருக்கிறவர்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இந்தப் பேச்சு கணக்கின்படி பிழை. பிழை என்பதைப் பத்தாம் ஆண்டுக் கணிதத்தை வைத்தே காட்டலாம்.

லூடோ கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. இப்போது ஆறு விழுந்துவிட்டது. அடுத்த ஐந்து தடவையும் ஆறு விழாது என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? சொல்லாது. அடுத்த உருட்டலிலேயே திரும்ப ஆறு விழலாம். போன தடவை என்ன விழுந்தது என்று கட்டைக்கு ஞாபகம் இல்லை.

மழைக்கும் ஞாபகம் இல்லை. பொறியியல் பீடங்களில் படிப்பிக்கும் "மீள்வருகைக் காலம்" என்ற சொல்லின் அர்த்தம் இவ்வளவுதான்: நூறு வருட மழை என்றால், எந்த ஒரு வருடத்தை எடுத்தாலும் அந்த அளவை மிஞ்சும் மழை வருவதற்கான வாய்ப்பு நூறில் ஒன்று. அது கலண்டரில் குறித்து வைத்த தவணை இல்லை. இந்த வருடம் வந்தாலும் அடுத்த வருடத்துக்கான வாய்ப்பு அதே நூறில் ஒன்றுதான். குறையாது.

இனி ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் ஓர் இடத்தில் 30 வருடம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வருடத்தில் அந்த மழை வராமல் இருக்கும் வாய்ப்பு 0.99. முப்பது வருடமும் வராமல் இருக்க வேண்டுமானால் 0.99ஐ முப்பது தடவை பெருக்க வேண்டும். கல்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 0.74 வரும். ஆக, முப்பது வருடத்துக்குள் ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்றுக்கும் சற்றுக் கூட. ஐம்பது வருடம் என்றால் 39 சதவீதத்தைத் தாண்டிவிடும். நூறு வருடமும் இருந்தால் 63 சதவீதம்.

"நூறு வருஷத்துக்கு ஒருமுறை" என்று கேட்டால் மனசுக்கு நிம்மதி. "நீங்கள் வீட்டுக் கடன் கட்டி முடிக்கிற காலத்துக்குள் நாலில் ஒரு வாய்ப்பு" என்று கேட்டால் தூக்கம் வராது. இரண்டும் ஒரே கணக்கு.

இதன் மறுபக்கமாக இன்னொரு பேச்சும் இருக்கிறது. "இது வெள்ளைக்காரன் காலத்து லயம். நூறு வருஷமா அசையல்ல. இனியா அசையப் போகுது?" இதிலும் ஒரு மறைவு இருக்கிறது. அசையாமல் நின்ற லயங்கள்தான் இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன. மண்ணோடு போனவை எண்ணிக்கையில் வராது. மிஞ்சியதை மட்டும் எண்ணினால் எல்லாமே உறுதியாகத்தான் தெரியும். அதோடு, மலை அன்று இருந்த மலை இல்லை. அன்று வெட்டிய கான்கள் பல இடங்களில் தூர்ந்து கிடக்கின்றன. பாதைக்காகவும் வீட்டுக்காகவும் சரிவுகளை நேராக வெட்டியிருக்கிறோம். பழைய மலையின் கணக்கைப் புதிய மலைக்குப் போட முடியாது.

அடுத்தது எச்சரிக்கை பற்றியது. பதிவின் முக்கியமான இடம் இதுதான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் நம்மில் பலருக்குத் தெரியும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், கவனமாக இருங்கள். 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 தாண்டினால் சிவப்பு, வெளியேறுங்கள்.

150 மில்லிமீற்றர் என்றால் வெறும் 15 சென்ரிமீற்றர், ஒரு சாணைவிடக் குறைவு. ஆனால் ஓர் ஏக்கர் நிலத்தில் அது ஆறு இலட்சம் லீற்றர் தண்ணீர். பத்தாயிரம் லீற்றர் பவுசர் அறுபது. உங்கள் வீட்டுக்கு மேலே உள்ள தேயிலை மலை எத்தனை ஏக்கர் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சிவப்பு அறிவித்தல் வருகிறது. சனம் பாய் தலையணையோடு பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போகிறது. காலையில் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஒருவர் சிரிப்பார்: "சும்மா பயங்காட்டுறாங்க." அடுத்த முறை பாதிப்பேர் போகமாட்டார்கள். அதற்கடுத்த முறை யாருமே போகமாட்டார்கள்.

ஒரு பேச்சுக்குக் கணக்கு வைப்போம். இருபது தடவை சிவப்பு வந்தால் ஒரு தடவைதான் மலை சரிகிறது என்று எடுங்கள். பத்தொன்பது தடவை ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் எச்சரிக்கை பொய்யா? இல்லை. சாதாரண இரவில் ஆயிரத்தில் ஒன்றாகக்கூட இல்லாத ஆபத்து, இன்றிரவு இருபதில் ஒன்றாக ஏறிவிட்டது என்றுதான் அது சொல்கிறது. நிபந்தனை நிகழ்தகவு என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். இருபது இரவு பாடசாலைத் தரையில் படுப்பது ஒரு பக்கம். ஐந்து உயிர் மறுபக்கம். எது நட்டம் என்று தராசில் வையுங்கள்.

பத்து வருடம் ஹெல்மெட் போட்டு ஓட்டியும் ஒரு தடவைகூட விழவில்லை என்பதற்காக, ஹெல்மெட் வாங்கிய காசு வீண் என்று யாராவது சொல்கிறோமா?

2014 ஒக்டோபர் 29 காலையை மறந்திருக்கமாட்டீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2005இலிருந்து எண்ணினால் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தின் ஒவ்வொரு காலையிலும் அந்த எச்சரிக்கை "பொய்த்துப் போன" எச்சரிக்கையாகத்தான் தெரிந்திருக்கும், கடைசிக் காலையைத் தவிர.

இனி நம் ஊர் விசயம். வலப்பனைக்கு மண்சரிவு புதிது இல்லை. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்து உயிர்கள் போனதைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மாதத்தைக் கவனியுங்கள், ஜனவரி. ஹற்றன் பக்கம் தென்மேல் பருவமழையில் நனைகிறது. நாம் மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிறோம். நமக்குப் பெரிய மழை வடகீழ் பருவக்காற்றோடு வருகிறது. ஆகவே வேறோர் ஊரின் மழைமானியைப் பார்த்துவிட்டு நம் மலையைப் பற்றி முடிவெடுக்க முடியாது. இராகலையில் கொட்டும் மழை உடப்புசல்லாவையில் தூறலாக இருக்கலாம். புள்ளிவிபரவியலின் முதல் பாடமே இதுதானே? மாதிரியை எங்கிருந்து எடுத்தாய் என்று கேள்.

இரண்டாவது பாடம், சராசரி நம்மை ஏமாற்றும். வருடத்துக்கு இத்தனை மில்லிமீற்றர் மழை என்ற சராசரி கொழுந்துக்கு உதவும், மண்சரிவுக்கு உதவாது. மலையைச் சரிப்பது சராசரி நாள் இல்லை, அந்த ஒரு நாள். எமில் கும்பெல் என்ற கணிதப் பேராசிரியர் இந்த "உச்ச" நாட்களுக்கென்றே தனிக் கணக்கு வகுத்து 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு வருடத்திலும் ஆகக் கூடிய மழை பெய்த நாளை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்த வரிசையை ஆராய்வது அவருடைய வழி. இன்றும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் பாலத்துக்கும் அணைக்கும் அவர் பெயரில் உள்ள பரம்பலைப் பயன்படுத்துகிறார்கள். 25 வருட மழைக்கென்று கணக்குப் போட்டுக் கட்டிய மதகு 50 வருடம் பாவனையில் இருந்தால், ஒருமுறையாவது தண்ணீர் அதன் கணக்கை மிஞ்சும் வாய்ப்பு 87 சதவீதம். மதகு உடைந்ததும் "களவு பண்ணிட்டாங்க" என்கிறோம். களவும் இருக்கலாம். ஆனால் எத்தனை வருட மழைக்குக் கட்டினீர்கள் என்ற கேள்வியை நாம் யாருமே கேட்பதில்லை.

கேட்பதற்குத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும். நம் பகுதியிலிருந்து பொறியியல் பீடத்துக்குப் போகும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். அந்தப் பிள்ளைகளும் இணைந்த கணிதத்தில் நிகழ்தகவையும் புள்ளிவிபரவியலையும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். வேறு வினாக்களில் புள்ளி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாமும் சிவப்புப் பந்து, நீலப் பந்து, பைக்குள் கை விட்டான் என்றே படிப்பிக்கிறோம். மலையடிவாரத்தில் வாழும் பிள்ளைக்கு நிகழ்தகவு என்றால் பந்து என்று நினைக்க வைத்தது நம் பாடமுறையின் தோல்வி என்பது என் தாழ்மையான கருத்து.

இதற்குச் சில யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று. பல தோட்டங்களில் தினசரி மழையளவை எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. துரைமாரிடம் அனுமதி கேட்டு, உயர்தரப் பிள்ளைகள் அந்தப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு வருடத்தின் ஆகக் கூடிய நாளைப் பொறுக்கி எடுக்கட்டும். 75ஐ எத்தனை தடவை தாண்டியது? 150ஐ எத்தனை தடவை? முப்பது வருடப் பதிவிலிருந்து நூறு வருட மழையை மதிப்பிடும்போது எவ்வளவு பிழை வரும்? காலநிலை மாறிக்கொண்டிருந்தால் பழைய பதிவு எவ்வளவு தூரம் செல்லும்? இதைவிட நல்ல செயற்றிட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இரண்டு. ஒவ்வொரு லயத்திலும் ஒரு மழைமானி. செலவே இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமான நேர்ச்சுவர் பால்மா டின் ஒன்றைத் திறந்த வெளியில் மட்டமாக வையுங்கள். உள்ளே அடிமட்டத்தை விடுங்கள். ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் 75 மில்லிமீற்றர். டின் பெரிதோ சிறிதோ ஆழம் ஒன்றுதான், ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இது அதிகாரபூர்வ அறிவித்தலுக்குப் பதிலாக இல்லை. இரவில் சிக்னல் இல்லாதபோது உங்களை எழுப்பிவிட ஒன்று, அவ்வளவுதான். நாலைந்து நாள் தொடர்ந்து பெய்து மண் ஊறியிருந்தால் இந்த எண்ணிக்கை வரும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். சுவர் வெடித்தால், மரம் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் எழுந்து போய்விடுங்கள்.

மூன்று. பள்ளிவாசல், கோயில், பன்சல, தேவாலயம் எல்லாவற்றிலும் ஸ்பீக்கர் இருக்கிறது. அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும், நிறத்தோடும் அளவோடும் போகட்டும். போய்விட்டுத் திரும்பி வந்தவரை யாரும் கேலி பண்ணாதீர்கள். அந்த ஒரு சிரிப்பு அடுத்த முறை ஓர் உயிரை எடுக்கும்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், வாறது வரட்டும்" என்று சிலர் சொல்வார்கள். கத்ரை நானும் நம்புகிறேன். ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வைக்கத்தான் நம் மார்க்கம் படிப்பித்திருக்கிறது. கட்டாமல் விட்டுவிட்டு விதி என்று சொல்ல அல்ல.

கடைசியாக அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த தோட்டத் தொழிலாளியும் அந்த லயத்துக்கே திரும்பிப் போகிறார். அறியாமையால் அல்ல. போக வேறு இடம் இல்லை, பெயரில் ஒரு பேர்ச் நிலம் இல்லை. "ஆபத்தான இடம், வெளியேறுங்கள்" என்று கடிதம் கொடுப்பதோடு பொறுப்பு முடிந்துவிடாது. எங்கே போவது என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். முப்பது வருடத்தில் 26 சதவீதம் என்பது உங்களுக்கு அறிக்கையில் ஓர் எண். மேட்டு லயத்தில் அது பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய பிள்ளைகள்.

அடுத்த பெருமழை எந்த வருடம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது நம் வாயில் "நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே" என்ற பேச்சு இருக்கக் கூடாது.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கொமெண்டில் கேளுங்கள், தெரிந்த வரை பதில் எழுதுகிறேன். உங்கள் தோட்டத்தில் மழைப் பதிவேடு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து வேலையைத் தொடங்குவோம். பயனுள்ளது என்று நினைத்தால் உங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.