காலங்கடந்த கௌரவம்

அமெரிக்க சர்வகலாசாலைகளில் ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதுகளுள், இனம், நிறம், சமயம் என்ற பேதங்களைக் கடந்து சக மாணவர்களை ஒன்றுகூட்டியவர்களுக்கும், சமூக நீதிக்காக உழைத்தவர்களுக்கும் அளிக்கப்படுபவை இன்று தனி வரிசையாகவே வளர்ந்துவிட்டன. இளைஞர்களின் தர்ம சிந்தனை மதிக்கப்படுவது சந்தோஷத்துக்குரிய காரியமே. ஆயினும், விருது தரும் ஸ்தாபனம் அந்த மாணவன் போராடிக்கொண்டிருந்த நாளில் அவனை எப்படி நடத்தியது என்று விசாரிக்காமல் அந்த சந்தோஷத்தில் முழுமனதோடு கலந்துகொள்ள என்னால் இயலவில்லை; அப்படி விசாரிக்கத் தூண்டுவது டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் சர்வகலாசாலையின் சரித்திரம்.

ஜேம்ஸ் லாஸன் என்ற கறுப்பின இளைஞர், கொரிய யுத்த காலத்தில் படையில் சேர மறுத்துச் சிறை புகுந்தவர். விடுதலையானபின் மெதடிஸ்ட் சபை ஊழியராக நம் தேசத்து நாகபுரிக்கு வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபடியே காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையை ஊன்றிக் கற்றவர். 1957-இல் அவரைச் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், தாமதியாமல் தெற்கே வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள, நாஷ்வில் சென்று வாண்டர்பில்ட்டின் சமய சாஸ்திரப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பாடம் படித்த நேரம் போக, தேவாலயமொன்றில் மற்றக் கல்லூரி மாணவர்களுக்கு அஹிம்சைப் பயிற்சி அளித்தார். நாற்காலிகளைச் சிற்றுண்டிக் கடையில் இருப்பதுபோல வரிசையாகப் போட்டுச் சிலரை உட்காரவைப்பார். மற்றவர்கள் வெள்ளை ரௌடிகளாக வேஷம் பூண்டு, உட்கார்ந்திருப்பவர்களை வாய்கூசாமல் ஏசுவார்கள், பிடித்துத் தள்ளுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். அத்தனைக்கும் அவர்கள் திருப்பி அடிக்காமல், எதிர்வார்த்தை பேசாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னாளில் சிவில் உரிமைப் போராட்டத்தில் பேர்பெற்ற ஜான் லூயிஸும் டயன் நாஷும் தேர்ச்சி பெற்றது இந்தப் பயிற்சியில்தான்.

1960 பிப்ரவரி 13 அன்று அந்த மாணவர்கள், நல்ல உடை உடுத்து, கையில் பாடப் புத்தகங்களோடு, வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கடைகளில் போய் அமர்ந்தார்கள். அடி விழுந்தது, கைதும் நடந்தது; ஒரு கூட்டத்தைப் போலீஸார் அழைத்துச் சென்றால் அடுத்த கூட்டம் அதே ஆசனங்களில் வந்து அமர்ந்தது. ஏப்ரலில் அவர்களுடைய வழக்கறிஞர் லூபியின் வீடு வெடிகுண்டால் தகர்க்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் நகர மண்டபத்துக்கு நடந்து சென்றார்கள்; அங்கே டயன் நாஷ் நேருக்கு நேர் கேட்ட கேள்விக்கு, இந்தப் பாகுபாடு தவறுதான் என்று மேயர் பென் வெஸ்ட் ஒப்புக்கொண்டார். மே 10-ஆம் தேதி கடைகள் கறுப்பருக்கும் பரிமாறத் தொடங்கின.

அந்த வெற்றி நாளில் லாஸன் வாண்டர்பில்ட் மாணவராக இல்லை. பட்டம் பெறச் சில மாதங்களே இருந்த மார்ச்சு மாதத்தில், இந்தப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக நிர்வாகம் அவரை வெளியேற்றியிருந்தது. சமய சாஸ்திரப் பள்ளியின் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அவருக்காகத் தங்கள் ராஜினாமாவை எழுதி நீட்டினார்கள் என்பதை, அந்த ஸ்தாபனத்தின் மிகப் பெரிய பெருமையாக நான் கருதுகிறேன். லாஸனோ பாஸ்டனுக்குச் சென்று படிப்பை முடித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2005-இல், அதே வாண்டர்பில்ட் அவரைத் தன் சிறந்த பழைய மாணவராக அறிவித்து விருது கொடுத்தது. பின்னர் போதிக்கவும் அழைத்தது. அவர் பெயரால் அஹிம்சை இயக்கங்களை ஆராயும் நிலையமும் நிறுவியது.

இந்தப் பச்சாத்தாபத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் 2005-இல் விருது கொடுக்க எவருக்கும் எந்தத் துணிவும் தேவைப்படவில்லை. 1960-இல் அந்த இளைஞருக்குரிய இடத்தை அவருக்கே விட்டுவைக்கத்தான் துணிவு வேண்டியிருந்தது.

அதே 1960-இல் அலபாமா மாநிலக் கல்லூரி மாணவர்கள் மான்ட்கமரி நீதிமன்றக் கட்டடத்துச் சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்தபோது, ஒன்பது பேர் விசாரணையின்றிக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிற் சிலர் வழக்காடியதன் பலனாக, அரசாங்கக் கல்லூரி ஒரு மாணவனை வெளியேற்றுமுன் குற்றச்சாட்டை அவனுக்கு அறிவித்து அவன் தரப்பையும் கேட்டாகவேண்டும் என்று 1961-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனையோ பதக்கங்கள் செய்ய முடியாத உபகாரத்தை அந்த ஒரு தீர்ப்பு செய்தது. ஆனால் வாண்டர்பில்ட் போன்ற தனியார் ஸ்தாபனங்களை அது கட்டுப்படுத்தாது. அங்கே மாணவனுக்கு முக்கிய ரக்ஷை, ஸ்தாபனம் தானே எழுதிக்கொள்ளும் விதிகள்.

2024 மார்ச்சில், இஸ்ரேல் தொடர்பான பகிஷ்காரம் பற்றிய மாணவர் வாக்கெடுப்பை நிர்வாகம் நீக்கியதை எதிர்த்து, வாண்டர்பில்ட் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் நுழைந்து அமர்ந்தார்கள். மூவர் சர்வகலாசாலையிலிருந்தே விலக்கப்பட்டார்கள். காவலரைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்கள் என்பது அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். பலாத்காரம் நடந்திருப்பின் நான் அதை ஆதரிப்பவனல்லன். லாஸனின் முறையும் அதற்கு இடங்கொடாது. எனினும், தண்டனைக்கு எத்தனையோ படிகள் இருக்க, கல்வியையே பறிக்கும் கடைசிப் படிக்குப் போனது, லாஸன் பெயரால் நிலையம் நடத்தும் ஓரிடத்துக்குத் தகாத காரியம். லாஸன் அவ்வாண்டு ஜூனில் காலமானார்.

இத்தகைய விருதுகளுக்குத் தேர்வுக் குழுவில் அமரும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: விருதுக்கு வந்த மனுக்களைப் பரிசீலிக்கும் அதே கூட்டத்தில், அவ்வாண்டு போராட்டத்துக்காகத் தண்டிக்கப்பட்ட மாணவர்களின் கோப்புகளையும் வரவழைத்துப் படியுங்கள், தண்டனை அளவு மீறியதாகத் தோன்றினால், 1960-இல் அந்த ஆசிரியர்கள் செய்ததைப்போல, உங்கள் ஆட்சேபணையைக் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள்.