‘இட்’டும் ‘இம்’மும் இடறும் இடம்

“எழுத்தெல்லாம் கடகடன்னு சொல்றான் டீச்சர். சேர்த்துப் படிக்கத்தான் வரமாட்டேங்குது. வீட்டுல நான் என்ன சொல்லிக்கொடுக்கட்டும்?” முதல் வகுப்பு ஆசிரியர் எவரும் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். “தினம் ஒரு பக்கம் எழுத வையுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பெற்றோர் கேட்டது படிப்பதைப் பற்றி. நாம் சொன்னதோ எழுதுவதைப் பற்றி.

அந்தப் பிள்ளையின் அருகில் உட்கார்ந்து ‘பட்டம்’ என்ற சொல்லைப் படிக்கச் சொல்லுங்கள். “ப, இட், ட, இம்” என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லும். நான்கும் சரி. ஆனால் நான்கையும் சேர்த்தால் ‘பஇட்டஇம்’ என்றுதான் வரும், பட்டம் வராது. பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடாக இருந்தால், ‘அம்மா’ என்பது “ஆனா, இம்மு, மாவன்னா” ஆகிவிடுகிறது. தமிழில் எழுதியபடியே படிக்கலாம், ஆங்கிலத்தின் தொல்லை நமக்கில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். உயிருக்கும் உயிர்மெய்க்கும் அது பெருமளவு பொருந்தும். மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று பெயர் சொல்லிப் பழக்கிய பிள்ளைக்கு, பெயர் வேறு ஒலி வேறு என்ற சிக்கல் தமிழிலும் உண்டு.

ஆகவே பெற்றோருக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது இது: படிக்கும் நேரத்தில் எழுத்தின் பெயர் வேண்டாம், ஒலி மட்டும் போதும். புள்ளி வைத்த எழுத்தைத் தனியே சொல்ல வைக்காமல், அதற்கு முந்தைய எழுத்தோடு ஒட்டிச் சொல்ல வைக்கலாம். பட்–டம், பந்–து, தக்–கா–ளி. ‘ட்’ கற்பிக்கும் நாளில் ‘அட், கட், பட், மட்’ என்று நான்கைந்து முறை சொன்னால் ‘இட்’ தானாக உதிர்ந்துவிடும். ஃபோனிக்ஸ் வகுப்புகளைப் பார்த்த பெற்றோர் சிலர் க் + அ = க என்று ஒவ்வோர் ஒலியாகப் பிரித்துக் கற்பிக்க முனைகிறார்கள். இலக்கணமாக அது சரி. ஆனால் ஐந்து வயதுக் காதுக்குப் ‘பட்–டம்’ போலத் துண்டு துண்டாகக் கேட்பதே எளிது. தனி ஒலியைப் பிரித்தறியும் திறன் அதற்குப் பின்னர்தான் வலுப்படும்.

காதைப் பழக்கப் புத்தகமே தேவையில்லை. பம்–ப–ரம் என்று கைதட்டிச் சொல்வது, ‘க’வில் தொடங்கும் பொருள்களை அடுக்களையில் தேடுவது, பல்–பால், படம்–பாடம், விடு–வீடு, கொடு–கோடு என்று குறிலையும் நெடிலையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பொருள் கேட்பது, எல்லாம் காய் நறுக்கிக்கொண்டே செய்யக்கூடியவை. குறில் நெடில் வேறுபாடு காதில் பதிந்த பிள்ளைக்குத் துணைக்கால் எதற்கு என்று விளக்க வேண்டியிருக்காது.

கொம்பைப் பற்றியும் பெற்றோரிடம் பேச வேண்டும். ‘மேளம்’ என்ற சொல்லில் கண் முதலில் காண்பது கொம்பை. வாய் முதலில் சொல்வது ‘ம்’ ஒலியை. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இங்கே தடுமாறும் பிள்ளையைக் “கவனமில்லை” என்று கடிந்துகொள்கிறார்கள். குறை பிள்ளையிடம் இல்லை. நம் எழுத்து அமைந்த விதம் அப்படி. கொம்பையும் எழுத்தையும் சேர்த்து விரலால் அடிக்கோடிட்டு, ஒன்றாகவே ‘மே’ என்று காட்டினால் போதும். கு, சு, டு, மு, து போன்ற வடிவங்கள் ஒரே முறைக்குள் அடங்காதவை. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக்க வேண்டும்.

பக்கம், தங்கம், காகம் ஆகிய மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. இதற்கு விதி சொல்லத் தேவையில்லை. காகத்தின் இரண்டாவது ‘க’வை வல்லோசையாக அழுத்திப் படித்தால், “அப்படி ஒரு பறவை இருக்கா?” என்று கேட்டால் போதும், தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு இந்தத் துணை இல்லை. தெலுங்கோ இந்தியோ பேசும் அந்தப் பெற்றோரிடம் “தமிழில் பேசுங்கள்” என்று சொல்ல வேண்டாம். சொல் விளையாட்டை அவர்கள் மொழியிலேயே ஆடச் சொல்லலாம். சொல்லைத் துண்டாக்கிக் கேட்கும் காது எந்த மொழியில் பழகினாலும் தமிழுக்கும் உதவும். தமிழ்ச் சொற்களைச் சேர்த்துத் தருவது நம் பொறுப்பு. பழத்தைப் ‘பளம்’ என்று படிக்கும் பிள்ளையையும் அந்த நேரத்தில் தடுக்க வேண்டாம். எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறது, உச்சரிப்பை வேறொரு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்க நமக்கு வழிகாட்டியது. வீட்டுக்கு அனுப்பும் வேலையில் மட்டும் அந்த நிலை பார்ப்பதில்லை. அரும்பு நிலைப் பிள்ளைக்கும் 247 எழுத்து அட்டவணையைப் பார்த்து எழுதும் வேலையே போகிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கரும்பலகையில் ‘பட்டம்’, ‘மேளம்’ என்று இரண்டே சொற்களை எழுதி, ஒரு பிள்ளையை அருகில் வைத்துப் படிக்கச் செய்து காட்டுங்கள். அன்றைய வீட்டு வேலையாக நான்கு சொற்களை மட்டும் கொடுங்கள்: எழுத அல்ல, வாய்விட்டுப் படிக்க.